இரவல் வாங்கிய பெயர்

கேள்வி: எனக்கு வயது 36. பாலக்கோடு பக்கம் சொந்த ஊர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். கம்பெனி பேருந்தில் போய் வரவே தினமும் மூன்று மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்திலும், இரவு சாப்பிட்ட பிறகும், முன்பின் தெரியாதவர்களோடு இணையத்தில் விவாதம் செய்வது பழக்கமாகிவிட்டது. பேட்டரி ஸ்கூட்டர், அரசியல், சினிமா வசூல் என்று எதுவானாலும் தவறான தகவலைக் கண்டால் என்னால் கடந்துபோக முடிவதில்லை. வேலைக்குப் பாதிப்பு வரக்கூடாது என்பதற்காக, 2010இல் காலமான என் தாத்தாவின் பெயரில்தான் கணக்கு வைத்திருக்கிறேன் (ஊரில் வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள், என் மகனுக்கும் அந்தப் பெயர்தான், கடவுச்சொல்லும் அவன் பிறந்த தேதிதான், அதனால் எதுவும் மறக்காது). சென்ற மாதம் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று ஒருவனோடு மூன்று இரவுகள் வாதம் நடந்தது. போர்வெல் தண்ணீரைக் குடித்தே முழங்கால் மடங்காமல் போனவர் எங்கள் வீட்டுப் பெரியவர் என்று எழுதினேன். அதற்கு அவன் சிரிப்புக் குறி போட்டான். நானும் சொல்லக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தூக்கமில்லை. எனக்குப் பைத்தியம் என்கிறாள் மனைவி. உண்மை என் பக்கம் இருக்கும்போது இப்படிப்பட்டவர்களை எப்படி எதிர்கொள்வது? பதில் சொல்லாமல் விட்டால் தோற்றதாக ஆகிவிடாதா? தயவுசெய்து என் பெயரை வெளியிட வேண்டாம்.

— ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் பெயரை வெளியிடவில்லை. நீங்கள் கேட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தாலும் இப்படிப்பட்ட கடிதத்தின் கீழே அதை அச்சிட்டிருக்க மாட்டோம். உங்கள் தாத்தாவுக்கு அப்படிக் கேட்டுக்கொள்ளும் வாய்ப்பு இல்லாமல் போய்விட்டது.

முகம் தெரியாதவர்களோடு மல்லுக்கட்டித் தூக்கத்தை இழந்தவர்களின் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. எல்லாரும் உண்மை தங்கள் பக்கம் இருப்பதாகவே எழுதுகிறார்கள். ஒரே சண்டையின் இரண்டு தரப்பும் தனித்தனி உறையில் என் மேசைக்கு வந்திருக்கின்றனவோ என்று சில சமயம் சந்தேகம்கூட வருவதுண்டு. எனவே நீங்கள் கேட்ட கேள்வியைச் சற்று ஒதுக்கிவைக்கிறேன். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே, அதைப் பற்றித்தான் நான் பேசவேண்டியிருக்கிறது.

வேலைக்குப் பாதிப்பு வரக்கூடாது என்பதற்காகத் தாத்தாவின் பெயரை எடுத்துக்கொண்டேன் என்கிறீர்கள். அப்படியென்றால், நீங்கள் எழுதப்போகும் எழுத்து, எழுதியவரின் பெயருக்குக் கெடுதல் செய்யும் என்று முதல் நாளே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கெடுதலை எங்கே இறக்கிவைக்கலாம் என்று யோசித்து, இறந்தவருக்கு வேலை போகாது, அவரை எந்த மேலாளரும் கூப்பிட்டு விசாரிக்கமாட்டார் என்று கணக்குப் போட்டு, அவர் தலையில் இறக்கிவைத்திருக்கிறீர்கள். பெயரன் என்ற சொல்தான் பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைச் சுமப்பவன் என்பதால் வந்த உறவுமுறை அது. நீங்கள் அதைத் தலைகீழாக்கி, உங்கள் சுமையைப் பாட்டனைத் தூக்கச் சொல்லியிருக்கிறீர்கள்.

என் தாயார் தம் மாமனாரின் பெயரை ஒருமுறைகூட உச்சரித்து நான் கேட்டதில்லை. என் அண்ணனுக்கு அந்தப் பெயர்தான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர். வீட்டில் அம்மாவுக்கு அவன் ‘பெரியவன்’. கிணற்றுமேட்டில் ஏறி விளையாடினான் என்று புளியம் விளாரை எடுத்துக்கொண்டு அவனைத் தெருக்கோடி வரை துரத்திய நாளிலும் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை, ஏனென்றால் வசவோடு சேர்த்து அதைச் சொன்னால் அந்த வசவு போய்ச் சேரும் இடம் வேறு என்று அவர் நம்பினார். 1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த ஆசிரியர் குடும்பத் தலைவரின் பெயரைக் கேட்டபோது, திண்ணையில் இருந்த என்னைக் கூப்பிட்டு, “நீ சொல்லும்மா” என்றார். நான் சொல்லி முடிக்கும் வரை அவர் நிமிரவில்லை.

பெண்கள் கணவன் பெயரையும் மாமனார் பெயரையும் சொல்லக்கூடாது என்ற வழக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. என் கணவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். அதற்காக உறவினர்களிடம் வாங்கவேண்டிய பேச்சையெல்லாம் வாங்கி முடித்துவிட்டேன். ஆனால் அந்தப் பெயரைக் கையில் எடுக்க என் தாயாருக்கு இருந்த கூச்சத்தில் கால்வாசி உங்களுக்கு இருந்திருந்தால், அதைக் கொண்டுபோய்ச் சந்தையில் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். உங்கள் தாயார் உங்கள் மகனை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார் என்று கடிதத்தில் இல்லை. நாளைக் காலையில் கவனித்துப் பாருங்கள். அவர் சொல்லத் தயங்கும் அந்தப் பெயருக்குப் பின்னால்தான் யாரோ ஒருவன் ‘போடா’ என்று எழுதியிருப்பான். அந்தப் பெயருக்குக் கீழேதான் நீங்கள் எழுதிய சொல்லக்கூடாத வார்த்தைகளும் இருக்கின்றன.

இனி ஒகேனக்கல் தண்ணீருக்கு வருவோம், ஏனென்றால் மூன்று இரவு வாதிட அதில் ஒன்றுமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கும் தண்ணீர் குடிக்கத் தக்கதல்ல; அத்தகைய தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்பு ஏறும், பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும். இதற்காகக் காவிரி நீரைக் கொண்டுவரும் திட்டத்துக்கு, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, கருணாநிதி முதலமைச்சராக இருந்த 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அதைக் கண்டித்து ஏப்ரலில் சென்னையில் திரைப்பட நடிகர்கள் உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த 2013 மே மாதத்தில் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. அடிக்கல்லைப் பிடித்துக்கொண்டவரும் பொய் சொல்லவில்லை, தொடக்க விழாவைப் பிடித்துக்கொண்டவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஆளுக்குப் பாதியை மறைத்துக்கொண்டு பேசியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தில் உள்ள ஆண்டையும் இவற்றோடு சேர்த்துப் படியுங்கள். உங்கள் தாத்தா காலமானது 2010இல், அடிக்கல் விழுந்த பிறகு, தண்ணீர் வருவதற்கு முன்பு. அந்தத் தண்ணீரில் ஒரு சொம்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அது யாருடைய சாதனை என்று மூன்று இரவுகள் வாதாடியது அவருடைய பெயர்.

அதோடு விட்டீர்களா? வாதத்தில் கை தாழ்ந்தபோது அவருடைய முழங்காலையும் எடுத்துக் கடைபரப்பிவிட்டீர்கள். கால் மடங்காத மனிதர் தரையில் அமர்ந்து சாப்பிட முடியாது. கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவும், கொல்லைக்குப் போய்வரவும் அவருக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை உங்கள் தாயாருடையதாகவோ தகப்பனாருடையதாகவோ இருந்திருக்கும். 2010இல் உங்களுக்கு இருபதை ஒட்டிய வயது. உங்களுடையதாகவும் இருந்திருக்கலாம், ஆனால் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு குடும்பம் நாலு சுவருக்குள் பொத்திவைத்துப் பார்த்த வேதனையை, ஒரு கட்சிக்காரனை மடக்குவதற்கான ஆதாரமாக நீங்கள் நீட்டினீர்கள். அவன் சிரித்தது ஈனத்தனம்தான். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அவன் சிரிப்பு என்று நான் நம்பவில்லை. அவனுக்கு முன்னால் அதைக் கொண்டுபோய் வைத்தது யார் என்ற கேள்விதான் உங்களை எழுப்பிவிடுகிறது.

இப்படிப்பட்ட சிரிப்புக் குறிகளுக்குச் சமூக ஊடக நிறுவனங்கள் போட்ட விலையையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று கணக்கிடும்போது, விருப்பக் குறிக்கு ஒரு மதிப்பு என்றால் கோபம், சிரிப்பு போன்ற குறிகளுக்கு ஐந்து மடங்கு மதிப்பு என்று 2017இல் முகநூல் வைத்திருந்தது. 2021இல் கசிந்த அதன் உள் ஆவணங்களிலிருந்து இது வெளியே தெரிந்தது. கோபக் குறியின் மதிப்பைப் பிற்பாடு குறைத்துக்கொண்டே போய் நீக்கிவிட்டார்கள் என்றாலும், சண்டை நடக்கும் இடத்தில்தான் கூட்டம் நிற்கும் என்ற வியாபாரக் கணக்கு மாறிவிடவில்லை. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி விலை படுத்துச் சாலையோரம் கொட்டப்படும் காலத்தில்கூட இணையத்தில் உங்கள் கோபத்தை வாங்க ஆள் இருக்கும். பணம் உங்களுக்கு வராது.

தகராறு தீர்க்க ஊரில் கூப்பிடுவார்கள் என்று பெருமையோடு தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். ஊர் நியாயம் எல்லாம் நியாயமாகத்தான் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். சாதி பார்த்துச் சொல்லப்பட்ட தீர்ப்புகளையும் இந்த மாவட்டத்தில் பார்த்தவள் நான். இருந்தாலும் வரப்புத் தகராறு தீர்க்கப் போகிற மனிதர், இரண்டு பேரும் மறுநாள் அதே வரப்பில்தான் நடக்கவேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாய் திறப்பார். உங்களோடு சண்டை போட்டவனை நீங்கள் எந்த வரப்பிலும் சந்திக்கப்போவதில்லை. அந்தத் துணிச்சலில் வந்த வார்த்தைகள்தானே அவை?

சினிமா வசூலைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவுமில்லை. தயாரிப்பாளரின் கணக்குப்பிள்ளைக்கு இல்லாத கவலை உங்களுக்கு எதற்கு? பேட்டரி ஸ்கூட்டர் விஷயம் அப்படியல்ல. போச்சம்பள்ளியில் அந்த வண்டிகள் தயாராகின்றன, நீங்கள் வேலை செய்யும் ஓசூர் வண்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர். ஆகவே உங்களுக்கு அதில் உண்மையாகவே ஏதாவது தெரிந்திருக்கும். பழைய பெட்ரோல் வண்டியைத் தள்ளிவிட்டு ஒன்று வாங்கலாமா என்று தவிக்கும் சித்தப்பாவோ மாமாவோ உங்கள் ஊரிலேயே இருப்பார். பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், பாலக்கோட்டிலோ தருமபுரியிலோ பழுது பார்க்க ஆள் உண்டா என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். படித்த பிள்ளையின் அறிவில் முதல் பங்கு வீட்டுக்கும் உறவுக்கும் சேரவேண்டியது என்று எண்ணுகிறவள் நான். இதைப் பழைய காலத்துப் பேச்சு என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவர். சோதித்து அனுப்பும் பாகத்தின் அறிக்கையில் உங்கள் கையெழுத்துக்குப் பதிலாக, உயிரோடு இல்லாத ஒருவரின் பெயரை எழுதி அனுப்புவீர்களா? அதிகாரத்தில் உள்ளவர்களின் அநியாயத்தை வெளியே சொல்லப் புனைபெயர் தேவைப்படுகிறவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பேட்டரிக்காகவும் படத்துக்காகவும் உங்களை யாரும் சிறையில் போடப்போவதில்லை. ஆகவே அந்தக் கணக்கை இன்றிரவே நீக்குங்கள். பெயரை மட்டும் மாற்றிவைத்தால் போதாது. எழுதியவை அனைத்தையும் அழித்துவிட்டு நீக்குங்கள். அதற்கு முன், யாருடைய பெயரில் எழுதினீர்கள் என்பதை உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவர் பைத்தியம் என்று சொன்னது நீங்கள் விழித்துக் கிடந்ததற்காக மட்டும்தான் என்று தோன்றுகிறது. தம் மகனின் பெயரும் அங்கே இருப்பது தெரிந்தால் வேறு வார்த்தை சொல்லுவார், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகும் விவாதம் செய்யாமல் இருக்க முடியாது என்றால், ரேஷன் அட்டையில் உள்ள உங்கள் பெயரில் செய்யுங்கள். அந்தப் பெயரில் எழுதக் கை வராத வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

பதில் சொல்லாமல் விட்டால் தோற்றதாக ஆகிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். ஆகும். அவன் அப்படித்தான் நினைத்துக்கொள்வான், நாலு பேரிடம் சொல்லியும் கொள்வான். இருக்கட்டும்.

இன்னொன்று. மகனின் பிறந்த தேதிதான் கடவுச்சொல் என்பதை முன்பின் தெரியாத எனக்கே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்குக்கும் அதையே வைத்திருந்தால் அதையும் இன்றே மாற்றிவிடுங்கள்.