அண்ணாச்சியிடம் கேளுங்க: மழைக்கால வதந்திகள்

நெல்லை வண்ணாரப்பேட்டையில் இருந்து: அண்ணாச்சி, குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கிற வீடியோ காலையில் இருந்து எல்லா குரூப்பிலும் வருது. நம்பலாமா?

அந்தக் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கு தம்பி, தாமிரபரணியில் வெள்ளம் வந்தாலே தண்ணீர் சூழத்தான் செய்யும். அதனால் வீடியோ உண்மையாகத்தான் இருக்கும், எந்த வருஷத்து வெள்ளம் என்பதுதான் கேள்வி. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எடுத்ததை எல்லாம் அடுத்த மழைக்குப் புதுசு மாதிரி சுற்ற விடுவார்கள். வீடியோவை நிறுத்தி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள், அதே காட்சி பழைய தேதியில் இருந்தால் விஷயம் முடிந்தது. ஒன்றும் வரவில்லை என்பதற்காகப் புதுசு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இத்தனைக்கும் நீங்கள் இருப்பது வண்ணாரப்பேட்டை, குறுக்குத்துறைப் பக்கம் தெரிந்தவர் யாருக்காவது ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் இருந்து: பாபநாசம் அணை 150 அடியைத் தாண்டிட்டாம். பயமா இருக்கு.

அதன் முழு உயரமே 143 அடிதான் அக்கா. சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, இதை மனசில் வைத்திருந்தால் பாதிப் புரளி அங்கேயே அடிபட்டுப் போகும். ஆனால் 140 என்று வந்தால் உடனே தள்ளிவிடாதீர்கள், எந்தத் தேதி, எத்தனை மணி நிலவரம் என்று பாருங்கள். பெருமழையில் காலைக் கணக்கு சாயங்காலம் உதவாது. மேட்டுக்குப் போகச் சொல்லி கலெக்டர் அலுவலகம் அறிவித்தால் மட்டும் ஆராய்ச்சி பண்ணாமல் கிளம்பிவிடுங்கள்.

கடையநல்லூரில் இருந்து: ‘குற்றாலத்தில் குளிக்கத் தடை, நெல்லை கலெக்டர் உத்தரவு’. உண்மையா?

தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில். குற்றாலம் அங்கே இருக்கும்போது நெல்லை கலெக்டர் எப்படித் தடை போடுவார்? பழைய செய்தியாக இருக்கும், இல்லாவிட்டால் வெளியூர்க்காரர் யாரோ எழுதியது.

பாளையங்கோட்டையில் இருந்து, பத்தாம் வகுப்பு: நாளைக்கு லீவுன்னு கலெக்டர் கையெழுத்தோட வந்திருக்கு...

உன் ஆசை புரியுது. முதலில் தேதியும் கிழமையும் பொருந்துதா பார். 2023 டிசம்பர் 18-க்கு விட்ட லீவு திங்கட்கிழமை, அந்த அறிவிப்பில் வருஷத்தை மட்டும் திருத்தினால் கிழமை இடிக்கும். கிழமையையும் மாற்றுகிற கில்லாடிகள் உண்டு, அதனால் மாவட்ட நிர்வாகத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கு. டிவி சேனல் லோகோ போட்டு வருகிற செய்திக் கார்டுக்கும் இதேதான்.

திசையன்விளையில் இருந்து: இதையெல்லாம் அனுப்புறதே எங்க பெரியப்பாதான் அண்ணாச்சி!

குரூப்பில் எல்லார் முன்னாடியும் திருத்தாதீர்கள், வீம்புக்கு இன்னும் நாலு அனுப்புவார். பழைய செய்தியின் லிங்கைத் தனியாக அனுப்பி, “பெரியப்பா, இது அந்த வருஷத்து வீடியோவாம்” என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறமும் அழிக்கவில்லை என்றால் பெரியம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.