விறைப்பு அடங்கவில்லையா? விடியும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: வயது 27. மூன்று வாரம் முன்பு சி.எம்.எல். வகை ரத்தப் புற்றுநோய் என்றார்கள். வெள்ளணு 2,80,000. இமாட்டினிப் சாப்பிடுகிறேன். இரண்டு முறை விடியற்காலையில் ஆணுறுப்பு விறைத்து, ஒன்றரை மணி நேரம் வலித்துத் தானாக அடங்கியது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் காரணம் நோய்தான். வெள்ளணு 4,000 முதல் 11,000 வரை இருக்க வேண்டியது. அது லட்சங்களில் ஏறும்போது ரத்தம் கெட்டித்து, உறுப்பின் சிறு நாளங்களில் தேங்கிவிடுகிறது. உள்ளே வந்த ரத்தம் வெளியேற முடியாமல் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால்தான் வலி. தண்டு இறுகி, மொட்டு மட்டும் மிருதுவாக இருப்பது இதன் அடையாளம். சிலருக்குப் புற்றுநோய் இருப்பதே இப்படித்தான் முதலில் தெரியவருகிறது.

தானாக அடங்கிய இரண்டு முறையையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, இன்றே உங்கள் ரத்தநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த எண்ணிக்கையை மறுபடி பார்த்து, தேவையானால் வெள்ளணுவைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்தையும் சேர்ப்பார்.

மறுபடி வந்து 4 மணி நேரத்தை நெருங்கினால், இரவானாலும் யூராலஜி (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு நோய்) மருத்துவர் இருக்கும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஐஸ் வைத்துப் பார்ப்பது, மாடிப்படி ஏறி இறங்குவது என்று நேரத்தைக் கரைக்க வேண்டாம். நேரம் போகப் போக உள்தசை சேதமாகி வடுவாக இறுகும். 36 மணி நேரம் கடந்தால் பழைய விறைப்புத் திறன் திரும்புவது அரிது. வெட்கத்தால் தாமதித்து இழப்பவர்களே அதிகம் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, பக்கவாட்டில் ஊசி செலுத்தித் தேங்கிய கறுத்த ரத்தத்தை உறிஞ்சுவார்கள். அடங்காவிட்டால் ரத்த நாளத்தைச் சுருக்கும் ஃபினைலெஃப்ரின் மருந்தை உறுப்பிலேயே ஊசியாகப் போடுவார்கள், ஒரு முறைக்கு 100 முதல் 500 மைக்ரோகிராம், சில நிமிட இடைவெளியில். கூடவே ரத்த அழுத்தத்தைக் கவனிப்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரத்தம் வடிய வழி செய்யும் அறுவை. வெள்ளணுவைக் குறைக்கும் சிகிச்சையும் இதோடு சேர்ந்தே நடக்க வேண்டும். வெள்ளணு குறையட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஆகவே வரவேற்பிலேயே சொல்லுங்கள்: “எனக்கு சி.எம்.எல்., இத்தனை மணி நேரமாக விறைப்பு அடங்கவில்லை.” கடைசி ரத்தப் பரிசோதனைத் தாள் கையில் இருக்கட்டும்.

சில்டினாஃபில் போன்ற விறைப்புக்கான மாத்திரைகளை இப்போது தொடவே வேண்டாம். சிகிச்சையில் புற்றணுக்கள் வேகமாக அழியும்போது யூரிக் அமிலம் ஏறிச் சிறுநீரகத்தில் கல்லாகலாம். அதைக் குறைக்கும் அல்லோபியூரினால் எழுதித் தந்திருந்தால் விடாமல் சாப்பிடுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் தினம் இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர். விலாப்பக்கம் வலித்தாலோ, சிறுநீர் சிவந்தாலோ, குறைந்தாலோ அன்றே காட்டுங்கள்.