துரையும் தரையும் ஒன்றாகிவிடும், கவனம்

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் சங்கத்தின் அங்கத்தவர் பதிவேடு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. பழைய பதிவுகள் பாமினியில், புதியவை யூனிகோடில். அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி 'வி'யைச் சின்ன எழுத்தில் அடித்தால் ஆள் கிடைப்பதில்லை. பெயர் வரிசையும் பிழை, பவானிக்கு முன்னால் பழனி வருகிறார். எல்லா நிரல்களையும் (அட்டவணையின் பத்திகளை) பெரிய, சின்ன எழுத்து பார்க்காதபடி மாற்றிவிடலாமா?"

வேண்டாம். பாமினி என்பது வெறும் எழுத்துரு. உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான். அதில் சின்ன 'ஜே' என்றால் த, பெரிய 'ஜே' என்றால் து. வித்தியாசம் பார்க்காதே என்று சொன்னால் தரையும் துரையும் ஒன்றாகிவிடும். துரைமார் கோபித்துக்கொள்வார்கள்! தேடலில் மட்டும் நடந்தால் பரவாயில்லை. யாராவது எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கிச் சேமித்துவிட்டால் து, மு, கு எல்லாம் போனதுதான், மீட்க வழியில்லை. எனவே பாமினிப் பதிவுகளை முதலில், இருக்கிறபடியே, யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

அடையாள அட்டைக்கு ஒரு நிரலை மட்டும் கவனித்தால் போதும். பழைய இலக்கம் 9 எண்ணும் ஒரு 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும். 2016க்குப் பின் வந்த 12 இலக்கத்தில் எழுத்தே இல்லை. பெரிய எழுத்தாக்கியே சேமியுங்கள், தேடும்போதும் அப்படியே மாற்றித் தேடுங்கள்.

பெயர் வரிசை வேறு கதை. யூனிகோடு அட்டவணையில் ர, ற, ல, ள, ழ, வ என்று வருகிறது. நம் அரிச்சுவடியிலோ ழவுக்கு முன் வ. உங்கள் தரவுத்தளம் அநேகமாக 'சி' ஒழுங்கில் இருக்கிறது (ஒழுங்கு என்றால் வரிசைப்படுத்தும் விதி), அது எழுத்தின் குறியீட்டு எண்ணை மட்டுமே பார்க்கும். போஸ்ட்கிரெஸ் பதிப்பு 10 முதல், பல மொழிகளின் வரிசை விதிகளைத் தரும் ஐசியு என்ற மென்பொருள் தொகுப்பின் ஒழுங்குகள் கிடைக்கின்றன. பெயர் நிரலுக்குத் தமிழுக்குரியதைக் கொடுங்கள். மைசீக்வல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் சிங்களத்துக்குத் தனி ஒழுங்கு உண்டு, தமிழுக்கு இல்லை. அந்த வகையில் நீங்கள் தப்பித்தீர்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. 'கொட்டகலை'யின் முதல் எழுத்தை, 'க'வோடு ஒரே ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், தரவுத்தளத்துக்கோ வேறு வேறு ஊர். ஒழுங்கை மாற்றினாலும் சாதாரணமாக இது தீராது. போஸ்ட்கிரெஸ் பதிப்பு 13இலிருந்து இருக்கும், இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் கட்டளையைப் பதியும்போதும் தேடும்போதும் போடுங்கள்.