வளாக வன்முறைக்குப் பிறகு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பல்கலைக்கழக வளாகத்தில் வன்முறை நடந்த பிறகு எப்படி மீள்வது, ஒருவருக்கொருவர் எப்படித் துணை நிற்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். மாணவர்களுக்கான மனநல ஆலோசகராக வேலை செய்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சம்பவம் நடந்த அன்று நான் வளாகத்திலேயே இல்லை. இறந்தவர்களையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் தூக்கம் வருவதில்லை. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது மேடம்.

கூச்சப்பட எதுவுமில்லை. தினமும் நடந்த தாழ்வாரத்தில் அப்படி ஒன்று நடந்தால் யாருக்கும் மனம் பதறும். முதல் சில வாரங்களில் தூக்கமின்மை, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, படிப்பில் மனம் ஒட்டாதது எல்லாம் சகஜம். பெரும்பாலானவர்களுக்கு மெல்லத் தணிந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் கட்டாயம் ஆலோசகரைப் பாருங்கள். அதற்கு முன்பே வந்தாலும் நல்லதுதான். "என்னைவிட அடிபட்டவர்கள் இருக்கிறார்களே" என்று ஒதுங்கி நிற்காதீர்கள்.

கேள்வி: என் அறைத்தோழன் எல்லாவற்றையும் நேரில் பார்த்தவன். வாயே திறப்பதில்லை. கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். சரிதானே அக்கா?

வேண்டாம் தம்பி, நிறுத்திவிடுங்கள். பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து நடந்ததை முழுக்கச் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஒரே அமர்வில் இப்படிப் பேசவைப்பது பிற்பாடு வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. சிலருக்குக் கெடுதலும் செய்யலாம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார், கேள், இணை என்று மூன்று படிகளைச் சொல்கிறது. அதில் 'கேள்' என்பது, அவர் பேசினால் காதுகொடுப்பது. துருவுவது அதில் சேராது.

"எப்படிடா இருக்கே?" என்று பத்துத் தடவை கேட்பதற்குப் பதில், "மெஸ்ஸுக்குப் போறேன், வர்றியா? இல்ல, இங்கேயே எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேளுங்கள். ராத்திரி விளக்கை அணைக்கும் முன் "எரியட்டுமா?" என்று கேளுங்கள். வன்முறை அவனைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. இனி சின்ன விஷயத்திலாவது முடிவு அவன் கையில் இருக்கட்டும்.

அப்புறம், வாழவே பிடிக்கவில்லை என்ற மாதிரி ஏதாவது சொன்னால், "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாமல் கூடவே இருந்து, உடனே ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள்.

கேள்வி: நான் ஆசிரியர். வகுப்புகளை எப்போது தொடங்குவது? தேர்வுகளை என்ன செய்வது?

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 2007 ஏப்ரல் 16 அன்று 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து, 23-ஆம் தேதி, வகுப்புகள் தொடங்கின. ஆனால் மிச்சப் பருவத்தைப் படித்து முடிப்பதா, அதுவரை எடுத்த மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்வதா என்பதை மாணவர்களே முடிவு செய்தார்கள். தேதியைவிட இந்தச் சலுகைதான் முக்கியம் என்பது என் கருத்து. சிலருக்கு வகுப்பறைதான் ஆறுதல், சிலருக்கு அந்த வாசலை மிதிக்கவே முடியாது.

முதல் நாளே பாடத்தை ஆரம்பிக்காதீர்கள். இல்லாமல் போனவரின் பெயரைச் சொல்லுங்கள். உங்களுக்கே குரல் உடைந்தால் உடையட்டும். வெளியே போக விரும்புகிறவர்கள் அனுமதி கேட்காமலே போகலாம் என்று சொல்லிவிடுங்கள். தீயணைப்பு ஒத்திகை, கட்டட வேலை என்று பெரிய சத்தம் வரப்போகிறதென்றால் முன்கூட்டியே அறிவியுங்கள்.

கேள்வி: கொலை நடந்த கட்டடத்தை இடித்துவிடலாமா?

குடும்பங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள். வர்ஜீனியா டெக்கில் கொலைகள் நடந்த நாரிஸ் ஹால் கட்டடத்தை இடிக்கவில்லை. சம்பவம் நடந்த பகுதியை மாற்றியமைத்து, அமைதி ஆய்வுக்கும் வன்முறைத் தடுப்புக்குமான மையத்துக்கு இடம் கொடுத்தார்கள். அன்று மனைவியைப் பறிகொடுத்த பேராசிரியர் ஒருவரே அதை முன்னின்று நடத்தினார்.

கேள்வி: இறந்துபோன தோழியின் கட்டில் அப்படியே இருக்கிறது. பெட்டியைக் கட்டச் சொல்லி விடுதியில் கேட்கிறார்கள். கை வரவில்லை.

நீங்கள்தான் செய்தாக வேண்டும் என்றில்லை. முதலில் அவர் பெற்றோரிடம் கேட்கச் சொல்லுங்கள். நேரில் வந்து எடுத்துவைக்க விரும்பும் பெற்றோர் உண்டு, முடியாதவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும்வரை எதையும் துவைக்காதீர்கள். மகளின் வாசனையுள்ள சட்டை அந்த அம்மாவுக்கு வேண்டியிருக்கலாம். பாதியில் நின்ற நோட்டுப் புத்தகத்தையும் குப்பை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. அந்த அறையில் இருக்க முடியவில்லை என்றால் உங்களுக்கு வேறு அறை கேளுங்கள், நான் கடிதம் தருகிறேன்.

கேள்வி: வருடா வருடம் நினைவுநாள் வேண்டுமா? புண்ணைக் கிளறுவது ஆகாதா?

நடத்தாவிட்டாலும் அந்தத் தேதி நெருங்கும்போது பலருக்கு மனம் கலங்கத்தான் செய்யும். அதைச் சேர்ந்து கடப்பது மேல். கனடாவின் மாண்ட்ரியாலில் 1989 டிசம்பர் 6 அன்று எக்கோல் பாலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். அந்த நாளில் மவுன்ட் ராயல் மலையிலிருந்து 14 ஒளிக்கற்றைகளை வானை நோக்கி ஏற்றுகிறார்கள். வர விருப்பமில்லாதவர்களை மட்டும் வற்புறுத்தாதீர்கள்.

கேள்வி: தாக்கியவன் எங்கள் துறை மாணவன். அவனோடு பழகிய எங்களை எல்லோரும் ஒதுக்குகிறார்கள்.

உங்களுக்கும் இது இழப்புதான், அதோடு பழியும் சேர்ந்துவிட்டது. இதைப் படிக்கும் மற்றவர்களிடம் நான் கேட்பது ஒன்று: இவர்கள் வகுப்புக்குள் வரும்போது பக்கத்து இருக்கையில் போய் உட்காருங்கள். துறைத்தலைவரும் வெளிப்படையாகப் பேச வேண்டும். விசாரணைக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், போகும்போது நம்பிக்கையான ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். என் அறைக்கும் வாருங்கள். நேரம் குறித்துவிட்டு வர வேண்டியதில்லை.