மொரீஷியஸில் பாட்டிக்கு எட்டுப் பிள்ளை, பேத்திக்கு ஒன்று: ஏன்?

ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையே கருவள விகிதம். மொரீஷியஸில் 1960களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ 6. இன்று 2-க்கும் கீழே.

மலேரியா ஒழிந்ததும் பிறந்த பிள்ளைகள் தங்கின. மழை நிச்சயமில்லாதவன் விதையை அள்ளித் தூவுவான். தண்ணீர் உறுதியென்றால் எண்ணி நடுவான், அதுபோலத்தான். அன்று கரும்புத் தோட்டத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வேலைக்குக் கூடுதல் கை, அதனால் வரவு. பள்ளிக்கூடம், டியூஷன் என்று வந்தபின் ஒவ்வொரு பிள்ளையும் செலவு. 1970-க்குப் பிறகு பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள், கல்யாணமும் தள்ளிப்போனது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய காரணம். எங்கள் அம்மாச்சியின் அடிகறுத்த சோற்றுக் குண்டான் இப்போது காவடித் திருவிழாவுக்கு மட்டுமே பரணிலிருந்து இறங்குகிறது.

சட்டம் போட்டுக் குறைத்தார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அரசு கருத்தடை வசதி தந்தது, எத்தனை பிள்ளை என்பதைத் தம்பதிகளே முடிவு செய்தார்கள்.