ஆவாரம் விதை முளைக்கவில்லையா? தோலைத் தேயுங்கள்

வணக்கம் நண்பரே. குளியல் பொடிக்காக அரை ஏக்கரில் ஆவாரை போட்டீர்கள், ஒரு மாதமாகியும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் முளைத்திருக்கிறது, பறித்த பூவும் கறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

விதை கெட்டதல்ல. ஆவாரை விதையின் தோல் கெட்டி. தண்ணீரை உள்ளே விடாது. காட்டில் அது வெயிலிலும் மழையிலும் கிடந்து மெல்ல இளகும். நீங்கள் சொரசொரப்பான மணலோடு சேர்த்து, பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். அப்புறம் ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் உப்பியவற்றை மட்டும் விதையுங்கள், மற்றதை மறுபடி தேயுங்கள். முளைத்து வேர் பிடித்துவிட்டால் வறட்சியைத் தாங்கும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் வேண்டாம்.

இலையில் பச்சைப் புழு வந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சிப் புழுதான், செடி மீண்டும் துளிர்க்கும். தோலில் பூசப்போகும் பூ, மருந்தே அடிக்காதீர்கள்.

பூவைப் பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் புழுங்கிக் கறுத்துவிடும். நிழலில், வெள்ளைத் துணியில், ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்புங்கள். நொறுங்கும் பதம் வந்ததும் பச்சைப்பயறோடு அரைக்கலாம்.

சாலையோரச் செடிகளைக் கிளையோடு முறிக்காமல் நீங்களே விதைத்து வளர்ப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. தேய்த்த விதை முளைத்ததும் எழுதுங்கள்.