கொரிய மொழி முதலா, கிம்ச்சி முதலா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மூன்று மாதமாக வீடியோ பார்த்துக் கொரிய மொழி படிக்கிறேன். சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படித்தும் எதுவும் மனத்தில் நிற்கவில்லை. முட்டைக்கோஸில் கிம்ச்சியும் (கொரியர்களின் புளித்த ஊறுகாய்) செய்து பார்த்தேன். வீட்டு மிளகாய்த்தூள் போட்டு இரண்டு நாள் வெளியே வைத்திருந்தேன். காரம் தாங்கவில்லை, கோஸும் கொழகொழவென்று ஆகிவிட்டது. மொழியை முடித்துவிட்டுச் சமையலுக்கு வரட்டுமா?”

வேண்டாம், இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள். ஆனால் முதலில் அந்த ஆங்கில எழுத்து நோட்டை மூடிவையுங்கள். உங்களைத் தடுப்பது அதுதான். கொரிய எழுத்தான ஹங்குலில் 14 மெய், 10 உயிர் என அடிப்படை எழுத்துகள் 24 மட்டுமே. எளிய மக்களும் சுலபமாகக் கற்க வேண்டும் என்றுதான் மன்னர் செஜோங் 1443இல் இதை உருவாக்கி 1446இல் வெளியிட்டார். ‘ம’ ஒலிக்கு மூடிய வாயைப் போல ஒரு சதுரம். ‘ப’ ஒலிக்கு நம் ப எழுத்தையே போட்டு, நடுவே ஒரு குறுக்குக்கோடு இழுத்துவிடுங்கள். தற்செயலான ஒற்றுமைதான், ஆனால் ஒருமுறை பார்த்தால் மறக்காது. தினம் அரைமணி நேரம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவீர்கள்.

‘பல்’, ‘கம்பு’ இரண்டிலும் ஒரே ப எழுதி, ஒலியை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? கொரியர்களும் அப்படியே. ஆங்கில எழுத்து அதை இரண்டாக உடைத்துக் குழப்புகிறது. நமக்கு உண்மையில் சிரமம் தருவது வேறு இடம். நிலா, முகமூடி, மகள் ஆகியவற்றின் கொரியப் பெயர்களைத் தமிழில் எழுதினால் மூன்றுமே ‘தல்’ என்றுதான் வரும். முதலாவது இயல்பான ஒலி. இரண்டாவதை மூச்சை ஊதிச் சொல்ல வேண்டும். மூன்றாவது, ‘பத்து’ என்னும்போது வரும் அழுத்தமான த. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துப் பழகுங்கள். இரண்டாவதில்தான் காற்று பலமாகப் படவேண்டும்.

வாக்கிய அமைப்பு உங்களுக்குக் கைவந்ததுதான், வினை கடைசியில் வரும். ‘மொகொ பொசெயோ’ என்றால் ‘சாப்பிட்டுப் பாருங்கள்’. அந்தப் ‘பார்’ கூட நம்மைப் போலவே கண்ணால் பார்க்கும் ‘பார்’. சமையல் குறிப்புகளில் ‘பொக்கா ஜுசெயோ’ என்று வரும்: சொல்லுக்குச் சொல் ‘வதக்கிக் கொடுங்கள்’. இதனால் இரண்டும் ஒரே மொழிக்குடும்பம் என்று ஆகிவிடாது, ஆனால் படிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

பாத்திரத்தோடு மொழி சேர்வது இங்கேதான். கொரிய உணவின் பெயரே பல நேரம் செய்முறை. கிம்ச்சி பொக்கும்பாப்: கிம்ச்சி, வதக்கல், சோறு. ‘முச்சிதா’ என்றால் கையால் பிசறுதல், ‘ஜொரிதா’ உப்பில் ஊறவைத்தல், ‘குரிதா’ கொதிக்கவைத்தல். இப்படிப் பத்து வினைகளை ஹங்குலில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். கொரியக் குறிப்பில் ஒரு கப் என்றால் 200 மி.லி. என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் துணை வேண்டுமென்றால் சென்னையில் இன்கோ மையம் வகுப்பு நடத்துகிறது. கோவையிலிருந்தே படிக்க, கிங் செஜோங் இன்ஸ்டிடியூட்டின் இணைய வகுப்புகள் இருக்கின்றன.

இனி உங்கள் கிம்ச்சி. கோச்சுகாரு எனப்படும் கொரிய மிளகாய், விதை நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்தது. நிறம் அதிகம், காரம் குறைவு. நம் தூள் விதையோடு நைஸாக அரைத்தது. கோச்சுகாரு கிடைக்காவிட்டால் காஷ்மீரி மிளகாய் வற்றலின் விதையைத் தட்டிவிட்டு மிக்ஸியில் இரண்டு சுற்று மட்டும் ஓடவிடுங்கள். கோஸ் கொழகொழத்ததற்கு உப்பும் வெயிலும் காரணமாக இருக்கும். ஒரு கிலோ நறுக்கிய கோஸுக்கு 60 கிராம் கல் உப்பு போட்டு, அரைமணிக்கொருமுறை புரட்டி, இரண்டு மணி நேரம் வையுங்கள். ஒரு தண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள்: படக்கென்று ஒடிந்தால் இன்னும் ஊறவில்லை, ஒடியாமல் வளைந்தால் சரி. மூன்று தண்ணீர் விட்டு அலசி, ஒரு மணி நேரம் வடியவிட்டு, அரிசிமாவுக் கஞ்சியில் மிளகாய், பூண்டு, இஞ்சி, மீன் சாஸ் கலந்து பிசறுங்கள். கண்ணாடி ஜாடியில் சாறு மேலே வரும்படி அழுத்தி, வாயருகே இடம் விட்டு மூடுங்கள். நம் ஊர்க் கோடையில் வெளியே ஒரு நாள்கூட அதிகம். புளிப்பு வாசனை தொடங்கியதும் பிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

மற்றக் கொரியக் குறிப்புகளில் எள்ளெண்ணெய் கேட்டால் ஒன்றைக் கவனியுங்கள்: கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் பிழிந்தது, நல்லெண்ணெயில் அந்த மணம் வராது. வறுத்த எள்ளை நசுக்கிச் சேர்த்தால் ஓரளவு நெருங்கலாம்.

வீட்டில் மீன் சாஸ் ஆகாது என்றால் அந்த இடத்தில் சோயா சாஸ் விடுங்கள். கொரியப் பௌத்த மடங்களில் மீனும் இல்லாமல், பூண்டும் இல்லாமல்தான் கிம்ச்சி போடுகிறார்கள்.